அவரும் அங்கதான் இருப்பாரு

திரும்பாத தங்கச்சி, திரும்பாத. தையல் பிரிஞ்சிடும். முகத்தை அந்தப் பக்கமே வச்சுக்க, காது இருந்தா போதும். நேத்தே உன்கிட்ட பேசணும்னு பார்த்தேன், நீ மயக்கம் தெளியாம முனகிக்கிட்டு கிடந்தே. இன்னைக்குத்தான் முகத்துல கொஞ்சம் தெளிவு வந்திருக்கு. பட்டம்மாதானே பேரு? நர்ஸ் கூப்பிட்டப்ப காதுல விழுந்துச்சு. என் பேரு எப்சிபா. வாயில நுழையலைன்னா விடு, அக்கான்னே கூப்பிடு.

மணி என்ன? மூணேகாலா. அஞ்சு மணிக்கு எங்க ஐயர் வர்றாரு. ஐயர்னா உங்க ஐயர் இல்ல. எங்க சபையில போதகரை ஐயர்னுதான் சொல்லுவோம், சர்ச்சையும் கோயில்னுதான் சொல்லுவோம். அவரு ஒரு சின்ன பெட்டி எடுத்துட்டு வருவாரு. அதுல அப்பமும் திராட்சரசமும் இருக்கும். ஆபரேஷனுக்கு முன்னாடி வாங்கிக்கிறது எங்களுக்கு வழக்கம். குடுக்கிறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேப்பாரு. அதுக்கு நான் ஆமான்னு சொல்லணும். ஒரு வார்த்தைதான். அதைச் சொல்றதா வேணாமான்னு தெரியாம நான் காலையிலேர்ந்து தண்ணி கூட இறங்காம உட்கார்ந்திருக்கேன்.

ஆபரேஷனுக்குப் பயம்னு நினைக்காத. கர்ப்பப்பையை எடுத்துடப் போறாங்க, எடுக்கட்டும். அறுபத்திரண்டு வயசுல அதை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணப் போறேன்? டாக்டரம்மா நல்லவங்க, தோள்ல கை வச்சு சொன்னாங்க, ஒண்ணும் ஆகாதும்மான்னு. அப்புறம் ஒரு காகிதத்துல கையெழுத்து கேட்டாங்க. ஒண்ணும் ஆகாதுன்னா கையெழுத்து எதுக்கு? அங்கதான் எனக்கு கை நடுங்கிடுச்சு. சாவுக்கு நடுங்கலை. செத்தா எங்க போவேன்னு நினைச்சேன், அதுக்கு நடுங்குச்சு.

நரகத்துக்கா? அட, இல்ல. அங்க போவேன்னு பயம் இல்ல தங்கச்சி. மோட்சத்துக்குப் போயிடுவேனோன்னுதான் பயம்.

சிரிக்காத, தையல் வலிக்கும். சொல்றேன் இரு.

நாங்க லுத்தரன். தரங்கம்பாடி பக்கம் எங்க ஊரு. எங்க சபையில சொல்லிக் குடுக்கிறது ஒண்ணே ஒண்ணுதான். நல்லது செஞ்சு யாரும் மோட்சத்துக்குப் போக முடியாது. தான தர்மம், பட்டினி, விரதம், எதுவும் அங்க எடுபடாது. இயேசு எனக்காகச் செத்தாரு, அது போதும்னு நம்பணும். நம்பினா நீ நீதிமான். தேவன் அப்படியே ஏத்துக்குவாரு. விசுவாசத்தினால் மாத்திரம். அந்த மாத்திரத்தை மட்டும் விடக் கூடாது. அதை விட்டுட்டு ஒப்பிச்சா எங்க வீட்டுக்காரர் பிள்ளைங்களைப் பெஞ்சு மேல ஏத்திடுவாரு. முதல் தடவை அப்பம் வாங்குறதுக்கு முன்னாடி பிள்ளைங்க படிக்கிற திடப்படுத்தல் வகுப்புக்கு அவருதான் வாத்தியாரு, இருபத்தாறு வருஷம்.

நீ என்ன கேக்க வர்றேன்னு தெரியுது. அப்ப கெட்டது செஞ்சவனும் நம்பினா போயிடுவானான்னுதானே? போயிடுவான். அதேதான். அங்கதான் வர்றேன்.

ஆனா இதைத் தப்புன்னு நான் சொல்ல வரலை, அதையும் கேட்டுக்க. எங்க அப்பா பண்ணையாளு. அவருகிட்ட சாமிக்குக் குடுக்க என்ன இருந்துச்சு? ஒரு கோழி இருந்துச்சு, அதுவும் பண்ணை வீட்டுக் கோழி. உபதேசியார் வந்து, ஆண்டவர் உன்கிட்ட ஒண்ணுமே கேக்கலடா, நம்பினா போதும்டான்னு சொன்னப்ப, எங்க அப்பா வரப்புல உட்கார்ந்து அழுதாராம். வாழ்நாள்ல தன்கிட்ட ஒண்ணுமே கேக்காத ஆளு ஆண்டவர் ஒருத்தருதான்னு அப்பா சொல்லுவாரு. அதைக் கேட்டு வளர்ந்தவ நான். எனக்கு அது தேனா இனிச்சுது, பொய் சொல்ல மாட்டேன். இப்பவும் அது பொய்யின்னு எனக்குத் தோணலை. பொய்யின்னு தோணினா நான் ஏன் பயப்படப் போறேன்?

எங்க வீட்டுக்காரர் பேரு ஞானாபரணம். ஆபரணம் சார்னா தெரியாதவங்க கிடையாது. சபைப் பள்ளிக்கூடத்துல ஹெட்மாஸ்டர், சபைக்குச் செயலாளர். நல்லவருதான். குடி கிடையாது, பீடி கிடையாது, இன்னொருத்தி முகத்தை ஏறெடுத்துப் பார்த்தது கிடையாது. எங்க பொண்ணு ஜெமீமாவை ஒரு சுடுசொல் சொன்னதில்லை. காய்ச்சல் வந்தா மடியில போட்டுக்கிட்டு விடிய விடிய உட்கார்ந்திருப்பாரு. அவளுக்கு அப்பான்னா உசுரு. நல்லவருதான். என்கிட்ட மட்டும் கொஞ்சம் கோபம் வரும்.

அவரு எழுதுறது வலது கை. சின்ன வயசுல பள்ளிக்கூடத்துல அடிச்சு மாத்தினாங்களாம். மத்ததுக்கெல்லாம் இடது கைதான் முதல்ல வரும். எனக்கு அந்தக் கை தெரியும்.

ரசத்துல உப்பு கூடினதுக்குன்னு சொன்னா நீ சின்ன விஷயம்னு நினைப்ப. சின்ன விஷயம்தான். எல்லாமே சின்ன விஷயம்தான், அதான் யாருகிட்டயும் சொல்ல முடியலை. நம்பினவன் நல்லது தானா செய்வான், செய்யச் சொல்ல வேணாம்னு அவரு வகுப்புல பாடம் எடுப்பாரு. நான் அடுப்படியிலேர்ந்து கேட்டுக்கிட்டிருப்பேன். ஒரு நாள் சோறு போடுறப்ப கேட்டுட்டேன், அப்ப செய்யாதவன் நம்பலைன்னு அர்த்தமாங்கன்னு. சந்தேகம்தான் கேட்டேன், குத்திக் காட்டணும்னு இல்ல. அன்னைக்குக் கேட்டதோட சரி. அப்புறம் சந்தேகமே வர்றதில்லை எனக்கு.

எங்க சபையில மாசத்துல முதல் ஞாயித்துக்கிழமை திருவிருந்து, அந்த அப்பமும் திராட்சரசமும் வாங்கிக்கிறது. அதுக்கு முத நாள் சனிக்கிழமை சாயங்காலம் ஐயர் வீட்டுக்குப் போய் பேரு குடுக்கணும். நாளைக்கு நாங்க வாங்கிக்கப் போறோம், எங்களுக்கு யாரோடயும் சண்டை இல்ல, ஒப்புரவாயிட்டோம்னு அதுக்கு அர்த்தம். மனஸ்தாபத்தை வச்சுக்கிட்டு வாங்கினா அது நமக்கே ஆக்கினை, தண்டனையா வந்துடும். அதனால ஊர்ல அன்னைக்கு ஒரே ஒப்புரவா இருக்கும். மாமியா மருமக எல்லாம் கண்ணைத் துடைச்சுக்கிட்டு பேசிக்குவாங்க. பார்க்க நல்லாத்தான் இருக்கும்.

எங்க வீட்டுலயும் நடக்கும். அஞ்சரை மணிக்கு அவரு குளிச்சு வேட்டி மாத்திக்கிட்டு அடுப்படி வாசல்ல வந்து நிப்பாரு. எப்சிபா, இந்த மாசம் நான் உன் மனசை நோகப் பண்ணியிருந்தா மன்னிச்சிடும்பாரு. நான் மன்னிச்சேங்கம்பேன். நீயும் என்னை மன்னிச்சிடுங்கன்னு சொல்லும்பாரு. சொல்லுவேன். அப்புறம் போய் ரெண்டு பேரு பேரையும் குடுத்துட்டு வருவாரு.

முப்பத்தி மூணு வருஷம். ஒரே ஒரு மாசம் எனக்கு அந்த வார்த்தை வரலை. வேணும்னு பண்ணலை தங்கச்சி, வாய் திறந்தேன், வரலை. கன்னம் வீங்கியிருந்துச்சு, அதனால கூட இருக்கலாம். அவரு கடியாரத்தைப் பார்த்தாரு. ஆறு மணிக்கு ஐயர் பேரு எழுதுற புஸ்தகத்தை மூடிடுவாரு. கிட்ட வந்து என் மணிக்கட்டைப் புடிச்சாரு. இடது கை. இறுக்கிக்கிட்டே இருந்தாரு. நான் மன்னிச்சேன்னு சொல்ற வரைக்கும் விடலை. சொன்ன உடனே விட்டுட்டாரு. ஸ்தோத்திரம்னு சொல்லிட்டு செருப்பை மாட்டிக்கிட்டு வேகமாப் போனாரு. ஆறு மணிக்குள்ள போயிட்டாரு.

அந்த மன்னிப்பு செல்லுமா? எனக்குத் தெரியலை. மறுநாள் ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல மண்டி போட்டு வாங்கினோம்.

தண்ணி வேணுமா? உனக்கு ஸ்பூன்லதான் குடுக்கச் சொல்லியிருக்காங்க. இந்தா. மெதுவா. மணி பாரு… நாலாகப் போகுது. ஐயோ.

சரி, வேகமா சொல்லிடறேன். ரிடையர் ஆன அடுத்த வருஷம் அவருக்குப் பக்கவாதம் வந்துடுச்சு. வலது பக்கம் முழுக்க விழுந்துடுச்சு, பேச்சும் போயிடுச்சு. இடது கை மட்டும் நின்னுச்சு. பதினோரு மாசம் படுக்கை. குளிப்பாட்டுனது, ஊட்டுனது, மலம் எடுத்தது எல்லாம் நான்தான். ஊரே மெச்சிச்சு. நான் குனிஞ்சு ஊட்டுறப்ப ஏதாவது புடிக்கலைன்னா அந்தக் கை வந்து என் மணிக்கட்டைப் புடிச்சுக்கும். படுத்துக் கிடக்கிற மனுஷனுக்கு எங்கேர்ந்து அந்தப் பலம் வருமோ! நான் பேசாம இருப்பேன், தானா விடும்.

இப்ப ஒண்ணு சொல்லப் போறேன். இதை எங்க ஐயருகிட்ட கூட நான் அறிக்கை பண்ணலை. நீ எங்க ஆளு இல்ல, உன்கிட்ட சொன்னா பரவாயில்லை.

ஒரு நாள் காலையில கஞ்சியை நான் சூடா குடுத்தேன். வேணும்னேதான். ஆவி பறக்கிறது கண்ணுக்குத் தெரியுது, ஆறட்டும்னு மனசு சொல்லுது, கை ஸ்பூனைக் கொண்டு போய் வாயில வச்சிடுச்சு. அவருக்கு கண்ணுல தண்ணி வந்துடுச்சு. என்னைப் பார்த்தாரு. நான் தெரியாத மாதிரி அடுத்த ஸ்பூனை ஊதி ஊதிக் குடுத்தேன். நான் வேணும்னு பண்ணினேன்னு அவருக்குத் தெரிஞ்சிடுச்சு. முப்பத்தி மூணு வருஷத்துல நான் பண்ணினது அது ஒண்ணுதான், சத்தியமா. அன்னைக்குப் பார்த்துதானா மத்தியானம் ஐயர் வரணும்?

சத்தியசீலன் ஐயர். சின்ன வயசு, முப்பத்திரண்டோ மூணோ. தங்கமான பிள்ளை. ஆபரணம் சார் நிலைமை மோசமாயிட்டு வருது, திருவிருந்து குடுத்துடலாம்னு பெட்டியை எடுத்துட்டு வந்துட்டாரு. சபை மூப்பருங்க மூணு பேரும் கூட வந்திருந்தாங்க. கட்டிலைச் சுத்தி நின்னாங்க. நான் இடது பக்கம் நின்னேன், அந்தப் பக்கம்தான் இடம் இருந்துச்சு.

ஐயர் குனிஞ்சு காதுகிட்ட கேட்டாரு. சார், உங்க பாவத்தையெல்லாம் இயேசு கிறிஸ்துவுக்காக தேவன் மன்னிச்சிட்டாருன்னு மனசார விசுவாசிக்கிறீங்களா? பேச முடியலைன்னா பரவாயில்லை, அம்மா கையைப் புடிங்க, போதும்னாரு.

என் கையைக் கொண்டு போய் அவரு கை மேல வச்சாரு. ஐயர்தான் வச்சாரு. நான் வைக்கலை.

ரெண்டு நிமிஷம் ஒண்ணும் இல்ல. அவரு கண்ணைத் திறந்தாரு. ஐயரைப் பார்க்கலை, மேல பார்க்கலை. என்னைப் பார்த்தாரு. பார்த்துக்கிட்டே புடிச்சாரு பாரு! எலும்பு நொறுங்கிடும் போல இருந்துச்சு. நான் ஆன்னு கத்திட்டேன். ஐயருக்குக் கண்ணு கலங்கிடுச்சு. எவ்வளவு விசுவாசம் பாருங்க, சாகப் போற சரீரத்துல இந்தப் பலம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு சொல்லி அழுதாரு. மூப்பருங்க எல்லாம் ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம்னாங்க. அம்மா, புடிச்சாருல்ல, நீங்க உணர்ந்தீங்கல்லன்னு என்னைக் கேட்டாரு.

நான் என்ன சொல்றது? புடிச்சாருங்கய்யான்னேன். புடிச்சாருதானே? பொய் இல்லையே.

ஆனா எனக்குத் தெரியும் தங்கச்சி, அது என்ன புடின்னு. அது கஞ்சிக்குப் புடிச்ச புடி. இவங்க எல்லாரும் போகட்டும், உனக்கு இருக்குன்னு சொல்ற புடி. அதை முப்பத்தி மூணு வருஷமா எனக்குத் தெரியும். அப்பத்தை திராட்சரசத்துல தோச்சு நாக்குல வச்சாங்க. மூணாம் நாள் உசுரு போயிடுச்சு.

அடக்க ஆராதனையில ஐயர் அந்தப் புடியைப் பத்தித்தான் பிரசங்கம் பண்ணினாரு. ஆபரணம் சார் நமக்குச் சொல்லிக் குடுத்த பாடத்தை கடைசி மூச்சுல கையாலயே ஒப்பிச்சிட்டுப் போனாருன்னாரு. கோயில் பூரா விசும்பல். ஜெமீமா என் தோள்ல சாய்ஞ்சு குலுங்கிக் குலுங்கி அழுவுறா. அடுத்த வாரம் பெண்கள் ஐக்கிய சங்கத்துலேர்ந்து துக்கம் விசாரிக்க வந்தாங்க. இந்தக் கையாம்மான்னு ஒவ்வொருத்தியும் என் மணிக்கட்டைத் தொட்டுப் பார்க்கிறா. விரல் பதிஞ்ச இடம் அஞ்சும் பச்சையா இருந்துச்சு. ஒருத்தி குனிஞ்சு முத்தம் குடுத்தா. முன்னாடி இது மாதிரி எத்தனையோ தடவை பச்சையா இருந்திருக்கு, முழுக்கை ரவிக்கை போட்டு மறைச்சிருக்கேன், ஒருத்தியும் கேட்டதில்லை. இப்ப எல்லாரும் வரிசையில நின்னு பார்க்கிறாங்க.

முதல்ல எனக்கு வேற பயம்தான் இருந்துச்சு. அது விசுவாசம் இல்லையே, அப்ப அவரு நம்பாமலே போயிட்டாரா? ஐயா, இன்னொரு தடவை கேளுங்க, அது விசுவாசத்துல புடிச்ச புடி இல்லைன்னு நான் வாயைத் திறந்து சொல்லியிருந்தா, திரும்பக் கேட்டிருப்பாரு. ஒரு வேளை அவரு நம்பியிருப்பாரு. நான் சொல்லாததால மனுஷன் நரகத்துக்குப் போயிட்டாரா? என்ன இருந்தாலும் என் புருஷன், என் பிள்ளைக்கு அப்பன். கஞ்சியைச் சூடா குடுத்ததும் நான், கடைசியில வாயை மூடிக்கிட்டு நின்னதும் நான். எனக்குச் சாப்பாடு இறங்கலை. எதுல ஆவி வந்தாலும் எழுந்து போயிடுவேன்.

தாங்க முடியாம ஐயருகிட்டயே போய் சுத்தி வளைச்சுக் கேட்டேன். ஐயா, ஒருத்தர் புடிச்சது பலமாப் புடிக்கலைன்னா, இல்ல வேற எதையோ நினைச்சுக்கிட்டு புடிச்சிருந்தா, அது செல்லுமான்னு. அவரு சிரிச்சாரு. அம்மா, நாம புடிக்கிற புடியில ஒண்ணும் இல்ல, தேவன் நம்மைப் புடிக்கிறாரு, நம்புறது கூட நம்ம சாமர்த்தியம் இல்ல, அதுவும் அவரு குடுக்கிறதுதான்னாரு. சார் ஞானஸ்நானம் வாங்கினவரு, ஆயுசு பூரா அந்த வார்த்தையில நின்னவரு, சந்தேகமே வேணாம், அங்கதான் இருக்காருன்னாரு.

அப்பாடான்னு இருந்துச்சு. வீட்டுக்கு வந்து மூணு தோசை சாப்பிட்டேன். நாலாவது தோசையை ஊத்துறப்பதான் உறைச்சுது. அவரு அங்க இருக்காருன்னா, நானும் அங்கதானே போவேன்?

என்ன சொல்ற? சத்தமா சொல்லு. அங்க போனா குணம் மாறிடும்ங்கிறியா? ஐயரும் அதைத்தான் சொன்னாரு. அங்க எல்லாரும் புது மனுஷங்களாம், கோபம் கிடையாது, கண்ணீர் கிடையாது. நான் அதையும் நம்புறேன். அவரு புது மனுஷனா வெள்ளை அங்கி போட்டுக்கிட்டு சிரிச்ச முகமாத்தான் வருவாரு. வந்து எப்சிபான்னு கூப்பிடுவாரு. கூப்பிட்ட உடனே என் கை தானா பின்னாடி போயிடுமே தங்கச்சி! அவரு கை மாறிடும், என் கை மாறுமா? நித்திய ஜீவன்னா முடிவே இல்லாதது. முடிவே இல்லாம கையைப் பின்னாடி கட்டிக்கிட்டு நிக்கிறதா?

உங்கள்ல எப்படி? ஏழு ஜென்மமும் அதே புருஷனா? ஐயோ சாமி. அதுக்கு இதுவே தேவலை.

சரி, நம்புறதை விட்டுட்டா போச்சுன்னு நினைச்சேன். நீ கேட்டுச் சிரிப்ப. நம்பினாத்தானே அங்க போகணும்? நம்பலைன்னா போக வேணாம். எங்க பாடத்துலயே வழி இருக்குன்னு தோணிச்சு. நல்லது செய்யிறதை நிறுத்துறதுல பிரயோஜனம் இல்ல, அது எப்படியும் எடுபடாது. நம்புறதை நிறுத்தணும். லெந்து நாளு அது, நாப்பது நாள் தபசு காலம். ஊரே ஜெபம் பண்ணிக்கிட்டிருக்கு, நான் ஜெபத்தை நிறுத்தினேன். வேதத்தை எடுத்து அரிசி டின்னுக்குப் பின்னாடி வச்சேன். பத்து நாள். கோயில் மணி அடிச்சா ரேடியோவைச் சத்தமா வைப்பேன். பத்தாம் நாள் குக்கர்ல வால்வு புடுங்கிக்கிட்டு அடுப்படி பூரா பருப்பு தெறிச்சுது. இயேசப்பான்னு கத்திட்டேன். அந்தப் பத்து நாளும் போச்சு. அங்கேயே தரையில உட்கார்ந்து அழுதேன். அது என்னை விட மாட்டேங்குது தங்கச்சி. நான் எங்க போய் ஒளிஞ்சாலும் நம்பிக்கிட்டுத்தான் இருக்கேன்.

நேத்து சாயங்காலம் ஐயர் வந்தப்ப நீ மயக்கத்துல இருந்தே. ஜெபம் பண்ணிட்டு என் முகத்தைப் பார்த்தாரு. பயப்படுறீங்களாம்மான்னு கேட்டாரு. தலையை ஆட்டினேன். பயப்படாதீங்க, ஒரு வேளை ஆண்டவர் கூப்பிட்டுக்கிட்டா, ஆபரணம் சார் வாசல்லயே வந்து நின்னு கையை நீட்டிக்கிட்டு காத்திருப்பாருன்னாரு. ஆறுதலுக்குத்தான் சொன்னாரு, பாவம். என் கையிலேர்ந்து டம்ளர் விழுந்துடுச்சு. நர்ஸ் ஓடி வந்து பிரஷர் பார்த்தா நூத்தித் தொண்ணூறு. ஐயரை வெளியில அனுப்பிட்டாங்க. இப்படியே இருந்தா நாளைக்கு ஆபரேஷன் பண்ண முடியாதும்மான்னு டாக்டரம்மா சத்தம் போட்டாங்க. இன்னைக்கு அஞ்சு மணிக்கு வந்து திருவிருந்து குடுத்துடறேன், மனசு அமைதியாயிடும்னு ஐயர் சொல்லிட்டுப் போயிருக்காரு.

அவருகிட்ட எல்லாத்தையும் சொல்லிடலாமேங்கிறியா? எதைச் சொல்றது? ஊரே வந்து தொட்டுட்டுப் போன கையி. என் பொண்ணு அந்தப் புடியை நினைச்சுத்தான் தெம்பா இருக்கா. திருப்பூர்ல மத்தியானத்தோட வேலையை முடிச்சுக்கிட்டு பஸ் ஏறியிருப்பா, ஏழு மணிக்கு வந்துடுவா. அவகிட்ட போய், உங்கப்பா அன்னைக்கு புடிச்சது இயேசுவை இல்லடி, என்னைடின்னு சொல்லச் சொல்றியா? அவளுக்கு இருக்கிறது அந்த ஒரு அப்பாதானே. அவரை அவகிட்டேர்ந்து நான் புடுங்க மாட்டேன்.

மணி என்ன? நாலு அம்பதா?

நம்பலைங்கய்யான்னு சொல்லிடலாம்னு காலையில முடிவு பண்ணினேன். வாய்க்குள்ளேயே பத்து தடவை சொல்லிப் பார்த்தேன். வரலை. அன்னைக்கு மன்னிச்சேன்னு சொல்ல வராம நின்னேன் பாரு, அதே மாதிரி தொண்டையில நிக்குது. அன்னைக்கு அது பொய்யிங்கிறதால வரலை. இதுவும் பொய்யிதான் போல இருக்கு, அதான் வரலை. ஆமான்னுதான் தங்கச்சி சொல்லப் போறேன். வேற வழி இல்ல. எங்க அப்பாகிட்ட ஒண்ணும் கேக்காத ஆளு, என்கிட்டயும் ஒண்ணும் கேக்கலை. அவருகிட்ட போய் இல்லைன்னு சொல்ல முடியாது. அவரைப் பார்க்கணும் போலத்தான் இருக்கு எனக்கு. கூட நிக்கிற ஆளுதான் பயமா இருக்கு.

அதோ, நர்ஸ்கிட்ட பேசிக்கிட்டிருக்காரு பாரு, வெள்ளை ஜிப்பா, கையில பெட்டி. அவருதான். வந்துட்டாரு. இரு, எட்டிப் பார்க்காத. எனக்கு ஒரு உதவி பண்ணு. நாளைக்கு நான் எழுந்திரிச்சா இதை மறந்துடு. எழுந்திரிக்கலைன்னா என் பொண்ணுகிட்ட சொல்லு. குட்டையா, சுருட்டை முடியா இருப்பா, அழுதுக்கிட்டே வருவா, தெரியும்.

எங்க ஊரு கல்லறைத் தோட்டத்துல அவரு உசுரோட இருக்கிறப்பவே ரெண்டு பேருக்கும் சேர்த்து இடம் வாங்கி சிமெண்ட் பூசி வச்சிட்டாரு. கல்லுல என் பேரும் வெட்டியாச்சு, தேதி மட்டும்தான் பாக்கி. அதுல என்னை வைக்க வேணாம்னு சொல்லு. கேட்டை ஒட்டி ஒரு வேப்ப மரம் இருக்கு, அதுக்குக் கீழ வைக்கச் சொல்லு. ஏன்னு கேப்பா. அம்மாவுக்குக் காத்தோட்டமா இருக்கணும்னு சொன்னாங்கன்னு சொல்லிடு. அவ நம்பிடுவா.

செத்தவங்க இப்பவே அங்க போயிட்டாங்களா, இல்ல மண்ணுக்குள்ள தூங்குறாங்களான்னு ஐயருமாருங்களே ஆளுக்கு ஒண்ணு சொல்லுறாங்க. ஆனா கடைசி நாள்ல எக்காளம் ஊதுறப்ப எல்லாரும் எழுந்திரிப்போம், அதுல ரெண்டு பேச்சு இல்ல. அன்னைக்கு அவரு சிமெண்டை உடைச்சுக்கிட்டு எழுந்து, அங்கியை உதறி, அத்தனை கல்லறையையும் தாண்டி கேட்டுக்கு நடந்து வர எப்படியும் அஞ்சு நிமிஷம் ஆகும். அந்த அஞ்சு நிமிஷத்துல நான் முதல்ல போய் இயேசப்பாவைப் பார்த்துடுவேன். அன்னைக்கு என் கையைப் புடிச்சது என்ன புடின்னு அவருகிட்ட சொல்லிடுவேன். கஞ்சியையும் சொல்லிடுவேன். யாராவது ஒருத்தருக்குத் தெரியணும்ல? சொன்னதுக்கப்புறம் ஆபரணம் சார் வரட்டும். உள்ள விடாதீங்கன்னு நான் சொல்ல மாட்டேன்.

நீ கண்ணை மூடிக்க, தூங்குற மாதிரி இரு.

வாங்கய்யா.